கத்தரிப்பூவா, ரோஸா: ஜரீனா பேகம் அவர்களின் மாலைக் கேள்வி

கடந்த வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குக் கல்லூரித் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். மேசை இழுப்பறைக்குள் கைபேசி அதிர்ந்தது. ஜரீனா அவர்களின் தம்பி சலீம் அனுப்பிய குறுஞ்செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழ். அக்கா காலையில் தவறிவிட்டார், அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அவ்வளவுதான் இருந்தது. நாற்பது மாணவிகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கினாள். கொடுத்தேன். மணியடிக்கும் வரை வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன்.

என் கைப்பையில் ஜரீனா அவர்களுக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதம் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். அதைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பெற்றோர் குழுவின் மடலைப் படிப்பவர்களில் பாதிப் பேருக்கு ஜரீனா பேகத்தைத் தெரியும். தெரியாதவர்களுக்காக: அவர் உணவியல் வல்லுநர். மேற்குத் தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவர். மனையியல் படித்துவிட்டு, மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் பல ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்தார். பிறகு ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். வலிப்பு நோய் உள்ள குழந்தைகளுக்குக் கீட்டோஜெனிக் உணவு முறையை எங்கள் பக்கத்தில் முதலில் செய்து பார்த்தவர் அவர்தான் என்று சொல்வார்கள். முதலில் செய்தவர் யார் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் செய்தவர் அவர். ஐம்பத்திரண்டு வயதில், சிறுநீரகங்கள் செயலிழந்து காலமானார்.

நான் அவரை முதலில் பார்த்தது இரண்டாயிரத்து மூன்றில். என் மகள் யாழினிக்கு அப்போது நான்கு வயது. பிறந்தபோதே அவள் முதுகில் வேப்பிலை வடிவத்தில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. தேமல் என்று நினைத்து எண்ணெய் தடவினோம். ஐந்தாவது மாதத்தில் வலிப்பு தொடங்கியது. டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற பெயரை ஓராண்டு கழித்துத்தான் கேட்டோம். மரபணுவில் ஒரு பிழை. என்னிடமும் இல்லை, என் கணவரிடமும் இல்லை, அவளிடம் புதிதாக ஏற்பட்டது என்று டாக்டர் சொன்னார். மூன்று மருந்துகள் கொடுத்தும் ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது முறை வந்தது. டாக்டர் ஒரு நாள் மருந்துச் சீட்டை மூடிவைத்துவிட்டு, கீழ்த்தளத்தில் ஜரீனா மேடத்தைப் பாருங்கள் என்றார்.

கீழ்த்தளத்தில் கட்டுப் போடும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை. மேசை மேல் நகைக்கடையில் வைத்திருக்கும் கண்ணாடிக் கூண்டுத் தராசு ஒன்று. அதில் ஒரு பெண்மணி தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வெண்டைக்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "உக்காருங்க, பதினாலு கிராம் வரணும், ஒரு துண்டு ஜாஸ்தியா இருக்கு" என்றார்.

அந்தத் தராசு அவருடைய தம்பி சலீம் கொடுத்தது. சலீமுக்குத் தராசு விற்பதும் பழுது பார்ப்பதும் தொழில். கிராம் கணக்கில் நம்பிக்கையாக நிறுக்கும் சமையலறைத் தராசு அப்போது கடைகளில் எளிதில் கிடைக்காது. நகைக்கடைகள் மாற்றிய பழைய தராசுகளை அவர் சீர்செய்து, அக்காவின் குழந்தைகளுக்கென்று எடுத்துவைப்பார். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அதன் பக்கவாட்டில் யாரோ ஒரு பொற்கொல்லர் ஒட்டிய குங்குமப் பொட்டு இன்னும் போகவில்லை.

உணவு முறையை அவர் விளக்கிய விதம் எளிமையானது. மூளை சர்க்கரையில் ஓடுகிறது. சர்க்கரையை நிறுத்திக் கொழுப்பில் ஓட வைத்தால் சில குழந்தைகளுக்கு வலிப்பு குறைகிறது. நான்கு பங்கு கொழுப்புக்கு ஒரு பங்கு மற்றதெல்லாம். சோறு இல்லை, இட்லி இல்லை, பால் இல்லை, பழம் இல்லை. நெய், தேங்காய், நல்லெண்ணெய், முட்டை, கொஞ்சம் கீரை. ஒவ்வொரு கிராமும் நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

ஏன் குறைகிறது என்று கேட்டேன். தெரியாது என்றார். எத்தனை பேருக்குக் குறைகிறது என்று கேட்டேன். தன்னிடம் வந்த குழந்தைகளைச் சொன்னார்: இவருக்குக் குறைந்தது, இவருக்குக் கொஞ்சம், இவருக்கு ஒன்றுமில்லை. "இவங்களுக்கு ஏன் குறையலைன்னும் எனக்குத் தெரியாது மேடம். நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன் என்றேன். "அப்ப நீங்க என்னை நம்ப மாட்டீங்க. பரவால்ல. நோட்டை மட்டும் ஒழுங்கா எழுதுங்க" என்றார். அன்றிலிருந்து என்னை 'புரொபசர் மேடம்' என்றுதான் கூப்பிட்டார். அதில் கேலி இருந்தது. நான் ஒருபோதும் அவரைத் திருத்தவில்லை.

அவர் கையில் இருந்த அட்டவணைகள் எல்லாம் வெளிநாட்டு உணவுக்கானவை. இங்கே யாரும் சாப்பிடாத க்ரீமும் சீஸும். அவர் அவற்றை நம் சமையலுக்கு மாற்ற இரண்டு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். முற்றின தேங்காய்க்கு ஒரு கணக்கு, இளசுக்கு வேறு கணக்கு, கொப்பரைக்கு வேறு. ஆயிரம் பேருக்குச் சாம்பார் கணக்குப் போட்டவள் இப்போது ஒரு குழந்தைக்குக் கணக்குப் போடுகிறேன், ஆயிரம் பேருக்கே சுலபம் என்பார். அவருடைய பெரிய கண்டுபிடிப்பு முட்டையும் துருவிய தேங்காயும் நெய்யும் அடித்து இட்லித் தட்டில் வேகவைத்த ஒன்று. அவர் கொடுத்த உணவுப் பட்டியலில் அது மூன்றாம் எண். அவரே அதற்கு 'டூப் இட்லி' என்று பெயர் வைத்தார். எங்கள் வீட்டுக்குள் அதுவரை முட்டை வந்ததில்லை. என் கணவர் சிட்லபாக்கம் கடையில் வாங்கி, துணிப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார்.

உணவைத் தொடங்குமுன் குழந்தை ஒன்றரை நாள் மருத்துவமனையில் பட்டினி இருக்க வேண்டும். தண்ணீர் மட்டும். மூன்று மணி நேரத்துக்கொரு முறை விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்ப்பார்கள். யாழினிக்குப் பேச்சு அதிகம் வராது. ஆனால் அப்போது அவளுக்குத் தெரிந்த ஐந்தாறு சொற்களில் 'இட்டி'யும் ஒன்று. அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். ஜரீனா அந்த ஒன்றரை நாளும் அவளோடு பட்டினி கிடந்தார். ரமலான் மாதம் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நான் டீ குடிச்சுட்டு கிட்ட வந்தா வாசனை தெரியும். கொழந்தைக்கு நம்ம மேல நம்பிக்கை போயிடும்" என்றார். ஒவ்வொரு குழந்தைக்கும் அப்படித்தான் இருந்தார் என்று செவிலியர்கள் சொன்னார்கள். எனக்கு அது மிகையாகப் பட்டது.

இரண்டாம் நாள் மாலை அவர் குனிந்து யாழினியின் வாயருகே மூக்கை வைத்து முகர்ந்தார். "வாசனை வந்தாச்சு" என்றார். உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கினால் மூச்சில் அழுகத் தொடங்கிய பழம் போல் ஒரு வாடை வரும். கருவியெல்லாம் அப்புறம்தான், அவருக்கு மூக்கு முதலில்.

வீட்டுக்கு வந்தபின் தினமும் சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்து நிறம் பார்த்து, கொடுத்த உணவோடு அதையும் நோட்டில் எழுத வேண்டும். சரியாகப் போனால் பட்டை கத்தரிப்பூ நிறமாகும். சர்க்கரை எங்கிருந்தாவது உள்ளே போயிருந்தால் வெறும் ரோஸ் நிறத்தில் நின்றுவிடும். தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் அழைப்பார். வணக்கம், நலமா எதுவும் கிடையாது. "கத்தரிப்பூவா, ரோஸா?" பதில் சொன்னதும் வைத்துவிடுவார். ரோஸ் என்று சொன்னால் மட்டும் பேசுவார். திட்டியதில்லை. காலையிலிருந்து குழந்தை வாயில் போனதையெல்லாம் சொல்லச் சொல்வார். ஒருமுறை பற்பசையில் கண்டுபிடித்தார். ஒருமுறை காய்ச்சலுக்குக் கொடுத்த சிரப்பில்.

அந்த மாதங்களில்தான் செல்வியைப் பார்த்தேன். செம்பாக்கத்தில் இருந்து வருவார், மூன்று வீடுகளில் வேலை செய்பவர். அவருடைய மகன் கார்த்திக்கும் மரபணுக் கோளாறுதான், ஆனால் வேறு வகை. அதற்குப் பெயர் கண்டுபிடிக்கும் பரிசோதனை அப்போது இங்கே இல்லை. நின்றவாக்கில் தொப்பென்று விழுவான். அதனால் தலையில் எப்போதும் ஒரு பழைய கிரிக்கெட் ஹெல்மெட். செல்விக்குப் படிக்கத் தெரியாது. ஜரீனா அவருக்காக எண்களுக்குப் பதில் வண்ணப் பொட்டுகள் ஒட்டிய கிண்ணங்கள் செய்து கொடுத்தார்: சிவப்புப் பொட்டுக் கிண்ணத்தில் கோடு வரை நெய், பச்சையில் கோடு வரை கீரை.

முதல் நாள் அந்தத் தராசைப் பார்த்துவிட்டுச் செல்வி சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். "இன்னா மேடம், தங்கம் எடை போடுற தராசுல கீரைய வெக்கிறீங்க. எங்கூட்டுக் கோழிக்கே இத்த விட ஜாஸ்தி போடுவேன்."

"உங்க கோழிக்கு வலிப்பு வருதா?" என்றார் ஜரீனா.

"கோழிக்கு வராது. எங்கூட்டுக்காரருக்குதான் வரும், டாஸ்மாக் மூடினா."

ஜரீனா சிரித்து நான் பார்த்தது அரிது. அன்று முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டு மாதத்தில் கார்த்தி விழுவது பாதிக்கும் மேல் குறைந்தது. ஒரு நாள் காத்திருப்பு அறையில், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தெளிவாக 'எம்மா' என்று கூப்பிட்டான். செல்வி திரும்பவில்லை. வேறு யார் பிள்ளையோ கூப்பிடுகிறது என்று நினைத்துவிட்டார். நான்தான் தோளைத் தொட்டுச் சொன்னேன்.

யாழினிக்கும் குறைந்தது. நாளுக்கு இருபது என்பது வாரத்துக்கு மூன்று, நான்கு என்று ஆனது. இங்கேதான் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தவிர்க்க முடிந்தால் தவிர்த்திருப்பேன்.

உணவு தொடங்கிய அதே மாதத்தில் டாக்டர் ஒரு மருந்தின் அளவையும் கூட்டியிருந்தார். ஒரே மாதத்தில் இரண்டு மாற்றங்கள். எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதைத்தான் இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் பாடமாக நடத்துகிறேன். இன்னொரு பக்கம், என் மகள் ஒன்பது மாதமாக ஒவ்வொரு காலையும் எங்கள் தட்டைப் பார்த்து 'இட்டி' என்றாள். டூப் இட்லியை அவள் ஒரு நாளும் நம்பவில்லை. வேலை செய்யாத ஒன்றுக்காக ஒரு குழந்தையை இப்படி வதைக்கிறோமோ என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்தது. ஒரு காலை, கணவர் அலுவலகம் போனபின், அவளுக்கு இரண்டு நிஜ இட்லி கொடுத்தேன். அவள் கேட்டாள், மனம் பொறுக்காமல் கொடுத்தேன் என்று சொல்லலாம். அது உண்மையாகாது. சோதித்துப் பார்க்கக் கொடுத்தேன்.

நாற்பது நிமிடத்தில் தொடங்கியது. நிற்கவில்லை. ஆட்டோவில் போகும்போது ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். இரண்டு மின்சார ரயில்கள் போகும் வரை அவள் என் மடியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனை வாசலில் ஜரீனாதான் முதலில் ஓடிவந்தார். ஸ்ட்ரெச்சரில் கிடத்தியதும், ஊசி போடுவதற்கும் டிரிப் ஏற்றுவதற்கும் முன்பே, குனிந்து யாழினியின் வாயருகே முகத்தை வைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நோட்டைக் கேட்டார்கள். நான் தாழ்வாரத்தில் நின்று அன்றைய வரியை எழுதினேன். காலை உணவு, மூன்றாம் எண். பட்டை, கத்தரிப்பூ. அன்று பட்டையை நான் பார்க்கவே இல்லை.

யாழினி மூன்று நாள் கழித்துக் கண்விழித்தாள். அவளிடமிருந்த ஐந்தாறு சொற்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இன்றுவரை அவை திரும்பவில்லை.

மருத்துவமனையில் கூட்டம் போட்டார்கள். நோட்டின்படி உணவில் தவறில்லை, பட்டையும் சரியான நிறம். அப்படியானால் உணவு சரியாக நடக்கும்போதே குழந்தைக்கு நிற்காத வலிப்பு வந்திருக்கிறது. இந்த முறையே ஆபத்தானது என்பதுதான் அதிலிருந்து வரக்கூடிய முடிவு. பெற்றோர் தரப்பில் ஏதாவது நடந்திருக்குமா என்று டாக்டர் ஜரீனாவைக் கேட்டார். நான் அறைக்குள்தான் இருந்தேன். ஜரீனா சொன்னார்: "கணக்கு போட்டது நான் சார். பொறுப்பும் என்னுது. அம்மாவைக் கேக்காதீங்க."

கீழ்த்தள அறையை மூடினார்கள். உணவில் இருந்த குழந்தைகள் எல்லோரையும் வழக்கமான சாப்பாட்டுக்கு மாற்றச் சொன்னார்கள். ஜரீனாவைப் பொது வார்டுக்கு, சர்க்கரை நோயாளிகளுக்குப் பத்தியம் எழுத அனுப்பினார்கள். சில பெற்றோர் அவர் வீட்டுக்குப் போய், ரகசியமாகத் தொடர்ந்து எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். செல்வி அவர் காலையே பிடித்திருக்கிறார். டாக்டர் கையெழுத்து இல்லாமல், ரத்தப் பரிசோதனை இல்லாமல் ஒரு ஸ்பூன் நெய்கூட எழுத மாட்டேன் என்று ஜரீனா சொல்லிவிட்டார். பொட்டு வைத்த கிண்ணங்களைச் செல்வி திருப்பிக் கொடுத்தபோது வாங்கி உள்ளே வைத்தார் என்று சலீம் சொல்லியிருக்கிறார்.

கார்த்தி பழையபடி விழத் தொடங்கினான். 'எம்மா' போய்விட்டது. ஒரு குழந்தைக்கு நடந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, உணவு தொடர்ந்திருந்தாலும் அது போயிருக்கலாம் என்று எனக்கு வாதம் தெரியும். அந்த வாதத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினேன்.

என் கணவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார் அவர். எனக்கு அது வசதியாக இருந்தது.

ஜரீனா சும்மா இருக்கவில்லை. ஒன்றரை ஆண்டு ஒவ்வொரு நரம்பியல் மருத்துவராகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் போவார். கடைசியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய கிளினிக்கில், வயதான ஒரு டாக்டர் நான்கு குழந்தைகளுக்கு மட்டும் சம்மதித்தார். அந்த நான்கில் ஒரு இடத்துக்கு ஜரீனா என்னைக் கூப்பிட்டார். இன்னொன்றுக்குச் செல்வியை. நான் போனேன். யாழினிக்கு மறுபடியும் குறைந்தது. இன்று அவளுக்குப் பத்து வயது, நடக்கிறாள், சிரிக்கிறாள், மாதத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வருவதில்லை. கார்த்திக்கு இரண்டாம் முறை பலன் இல்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

இரண்டாம் முறை தொடங்கியபின் மாலை ஆறு மணி அழைப்பு ஒரு நாளும் நிற்கவில்லை. கடந்த ஆண்டு அவருக்கு டயாலிசிஸ் தொடங்கியபோதும், படுக்கையிலிருந்தே அழைத்தார்.

இரண்டு வாரத்துக்கு முன் டயாலிசிஸ் அறையில் அவரைப் பார்க்கப் போனேன். முகம் வீங்கியிருந்தது. கால் பக்கத்தில் ஒரு சிறிய தராசும், மூடி போட்ட டம்ளரும். "இப்ப நானே பேஷண்ட், புரொபசர் மேடம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணிதான். ஒரு மிடறு ஜாஸ்தி குடிச்சாலும் சலீம் நோட்டுல எழுதிடுறான்" என்றார். கொஞ்ச நேரம் யாழினியைப் பற்றிக் கேட்டார். பிறகு, குரல் மாறாமல், ஆறு மணிக்கு நிறம் கேட்பது போலவே கேட்டார்.

"அன்னிக்கு என்ன குடுத்தீங்க?"

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. இட்லி என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கத்தரிப்பூன்னு எழுதியிருந்தீங்க. கொழந்தை வாயில வாசனையே இல்லை."

ஸ்ட்ரெச்சர் பக்கத்தில், முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைக் கூடுமானவரை அப்படியே எழுதுகிறேன்.

"ஒரு அம்மாவை மாட்டிவிட்டா, அடுத்த அம்மா ரோஸைக் கத்தரிப்பூன்னுதான் எழுதுவா. பயத்துல எழுதின நோட்டை வெச்சுக்கிட்டு நான் எந்தக் கொழந்தையைப் பாக்குறது? ரூமை மூடினா திரும்பத் தொறக்கலாம். நோட்டு பொய்யாயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் செய்தது சரி என்று நான் நினைக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக இப்போது அப்படி எழுத மாட்டேன். நோட்டு ஏற்கெனவே பொய்யாகிவிட்டது. அதைக் காப்பாற்ற அவர் கொடுத்த விலையில் கார்த்தியின் பங்கும் இருந்தது, அவனை யாரும் கேட்கவில்லை. இதை அவரிடமே சொன்னேன். "ஆமா. அது எனக்கும் தெரியும்" என்றார்.

பிறகு, எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார். எவ்வளவு கொடுத்தேன், எத்தனை நிமிடத்தில் வந்தது, அதற்கு முந்தின நாள் என்ன நிறம். டாக்டர்களுக்கு அனுப்ப வேண்டும். உணவு தோற்றுவிட்டது என்று பழைய மருத்துவமனையின் கோப்பில் இன்னும் இருக்கிறது, அதைப் பார்த்து இன்னும் குழந்தைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். "உங்க பேரு வேணாம்" என்றார். "எத்தனை கிராம்?"

ரெண்டு இட்லி, எடை போடவில்லை என்றேன்.

அத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். "எடை போடலையா? வூட்ல தராசு இருக்கு. இவ்ளோ பெரிய டெஸ்ட் பண்ணியிருக்கீங்க. எடை போடலையா?"

அவர் என்னிடம் கோபித்துக்கொண்டது அந்த ஒன்றுக்குத்தான்.

வீட்டுக்கு வந்து, அதே தட்டில், அதே அளவு மாவில் பத்து இட்லி வேகவைத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். சராசரியும் விலகலும் போட்டேன். கடிதத்தை நான்கு முறை திருத்தி எழுதினேன். பெயர் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தாலும் கடைசி வரைவில் என் பெயரைப் போட்டேன். திருத்தியதில்தான் பத்து நாள் போயிற்று. அவருக்கு அத்தனை நாள் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் மேற்குத் தாம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் உள்ளே இருந்தார்கள். வெள்ளைத் துணியில் முகம் மட்டும் தெரிந்தது. வீக்கம் வடிந்து, நான் முதலில் பார்த்தபோது இருந்த முகமாக இருந்தது. நம் குழுவிலிருந்து ஏழெட்டுத் தாய்மார்கள் வந்திருந்தார்கள். அஸருக்குச் சற்று முன் ஆண்கள் உடலைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் போனார்கள். சலீம் முன்னால் போனார். நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம்.

செல்வி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கார்த்தி, இப்போது பெரியவன், ஹெல்மெட்டும் பெரியது. செல்வி அழுது முடித்திருந்தார். "உங்களுக்கு இன்னா மேடம், படிப்பு கீது. எதுனா ஒண்ணுன்னா நாலு பேரைக் கேப்பீங்க. எனக்கு இவங்க ஒருத்தருதான்" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். இரண்டு இட்லி, நோட்டில் எழுதிய பொய், அறை மூடப்பட்டது, கார்த்தியின் உணவு நின்றது, எல்லாவற்றையும் வரிசையாக. வேறு வார்த்தை எதுவும் சேர்க்கவில்லை. செல்வி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

தெரியும் என்றேன்.

"ரெண்டு இட்லி" என்றார் செல்வி. என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார். எழுந்து மகனுடைய ஹெல்மெட் வாரை இழுத்துக் கட்டினார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை திரும்பாமல் போனார்.

கடிதத்தை வெள்ளிக்கிழமை காலையில் பழைய மருத்துவமனையிலும் கிழக்குத் தாம்பரம் கிளினிக்கிலும் ஒவ்வொரு பிரதி கொடுத்துவிட்டேன். கோப்பில் சேர்ப்பார்களா என்று தெரியாது. இந்த மடலைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஜரீனா பேகம் போட்ட கணக்கில் அன்று தவறு எதுவும் இல்லை. அவரைப் பற்றி யாராவது வேறு மாதிரிச் சொல்லிக் கேட்டிருந்தால், அது என்னிடமிருந்து தொடங்கியது.

வியாழக்கிழமை அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. யாழினி மதிய உணவைப் பாதியில் விட்டிருந்தாள், நெய் அப்படியே கிண்ணத்தில் உறைந்திருந்தது. பட்டையை நனைத்துவிட்டுத் தொலைபேசி பக்கத்தில் நின்றேன். ஆறு மணி ஆனது. பட்டை ரோஸ் நிறத்தில் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பார்த்தேன், மாறவில்லை. நோட்டைத் திறந்து தேதி போட்டு, ரோஸ் என்று எழுதினேன்.

ரோஸ், ஜரீனா மேடம். போய் வாருங்கள்.